தொழில்நுட்பப் பணியில் புதுமை செய்யவும் அதைத் தொடரவும் ஒரு வழிகாட்டி

தொழில்நுட்பத் துறையில் சில ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவருக்குப் புதிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் எழுந்தவுடன், அவர் பெரும்பாலும் செய்கிற முதல் காரியம் ஒரு புதிய நிரல்மொழியையோ கருவியையோ கற்றுத்தரும் இணைய வகுப்பில் சேர்வதாகும். வகுப்பின் முடிவில் சான்றிதழ் கிடைக்கிறது, அப்ரைசல் படிவத்தில் ஒரு வரி கூடுகிறது, வேலை மாறும்போது அது உதவவும் கூடும். ஆனால் இத்துறையின் வரலாற்றைச் சற்று நிதானமாகப் புரட்டினால், நாம் இன்று சாதாரணமாகப் பயன்படுத்தும் கண்டுபிடிப்புகளில் பல, தம் அன்றாட வேலையில் தம்மை அலைக்கழித்த ஒரு சிக்கலை மற்றவர்கள் பழகிப்போய் விட்டுவிட்ட பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து வந்தவை என்பது தெரியும். ஆகவே எதைக் கற்பது என்ற கேள்வியைப் பின்னால் தள்ளிவிட்டு, எந்தச் சிக்கலைப் பிடிப்பது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது.

தொந்தரவைக் குறித்துவைத்தல்

1946-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சேர்ந்த கணிதவியலாளர் ரிச்சர்ட் ஹாமிங், அங்கிருந்த ரிலே கணினியை (மின்காந்தச் சுவிட்சுகளால் இயங்கியது) வார இறுதி நாள்களில் பயன்படுத்திக்கொண்டிருந்தார். வார நாள்களில் அந்த இயந்திரம் பிழை கண்டால் நின்று விளக்கைக் காட்டும்; பணியாளர் வந்து சரிசெய்வார். வார இறுதியில் ஆள் இல்லாததால், பிழை கண்ட கணக்கை அப்படியே கைவிட்டுவிட்டு அடுத்த கணக்குக்குத் தாவிவிடும். அடுத்தடுத்து இரண்டு வாரங்கள், ஏற்றிவிட்டுப் போன கணக்குகளில் ஒன்றுகூட முடியாமல் கிடந்ததைக் கண்ட ஹாமிங், பிழை நேர்ந்திருக்கிறது என்று அறியத் தெரிந்த இயந்திரத்துக்கு அது எந்த இடத்தில் நேர்ந்தது என்றும் அறிந்து திருத்திக்கொள்ள ஏன் முடியாது என்று கேட்கத் தொடங்கினார். அந்தக் கேள்விக்கு அவர் கண்ட விடை 1950-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. நான்கு தரவு பிட்டுகளோடு (பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஒற்றை இலக்கம்) மூன்று சரிபார்ப்பு பிட்டுகளைத் தக்க முறையில் சேர்த்துவிட்டால், அந்த ஏழில் எந்த ஒரு பிட் புரண்டுபோனாலும் அதன் இடத்தைக் கணக்கிட்டுத் திருத்திவிட முடியும் என்பதே அதன் எளிய வடிவம். இன்றைய சர்வர்களின் நினைவகத்தில் ஒற்றை பிட் பிழைகளைத் திருத்தும் முறைகள் அதன் வழிவந்தவையே.

இதில் கவனிக்க வேண்டியது ஹாமிங்கின் கணிதத் திறமையை மட்டுமன்று. திங்கட்கிழமை காலையில் வேலை முடியாமல் கிடப்பதைப் பார்க்கும் எவரும் சலித்துக்கொண்டு கணக்கை மறுபடி ஏற்றியிருப்பார். அதுவே நம்மில் பலர் தினமும் செய்வது. சலிப்பு வந்த இடத்தில் ஒரு கேள்வியை எழுதிக்கொண்டதுதான் வேறுபாடு. ஃபோர்ட்ரான் நிரல்மொழியை உருவாக்கிய குழுவின் தலைவர் ஜான் பேக்கஸ், தம் வேலையின் பெரும்பகுதி சோம்பலிலிருந்து பிறந்தது என்று வெளிப்படையாகவே சொன்னவர். இயந்திர மொழியில் நிரல் எழுதுவது அவருக்குப் பிடிக்கவில்லை. அதனால் அதை எளிதாக்கும் திட்டம் ஒன்றை ஐ.பி.எம். நிறுவனத்தில் 1953-இல் முன்வைத்தார், 1957-இல் அது வாடிக்கையாளர்களின் கைக்குப் போனது. இந்த வகைச் சோம்பலை மேலாளர்கள் ஊக்குவிக்க வேண்டும் என்பது என் கருத்து, அவர்கள் ஏற்றுக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.

ஆகவே செய்ய வேண்டிய முதல் காரியம், ஒரு குறிப்பேட்டையோ கணினியில் ஒரு கோப்பையோ திறந்து, வேலையில் எரிச்சலூட்டிய ஒவ்வொன்றையும் அது நடந்த அன்றே எழுதிவைப்பது. என்ன நடந்தது, யாருடைய நேரம் போனது, இப்போதைக்கு எந்தக் குறுக்குவழியால் சமாளிக்கிறார்கள் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். தீர்வை அப்போதே எழுத முயல வேண்டாம், ஏனெனில் முதலில் தோன்றும் தீர்வு சிக்கலின் உண்மையான வடிவத்தை மறைத்துவிடும். சில மாதங்கள் கழித்துப் படித்துப் பார்க்கும்போது, வெவ்வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வந்திருக்கும் ஒரே தொந்தரவு கண்ணில் படும். அதுவே கைவைக்கத் தகுந்தது.

சேவை நிறுவனங்களில் பணிபுரிவோர், வாடிக்கையாளர் சொன்னதை மட்டும் செய்யும் நிலையில் தமக்கு இதெல்லாம் பொருந்தாது என்று நினைப்பதுண்டு. உண்மையில் இத்தகைய குறிப்பேடு மிக விரைவாக நிரம்பும் இடம் அதுதான். ஒவ்வொரு மாலையும் ஒருவர் மூன்று வெவ்வேறு திரைகளிலிருந்து எண்களை எடுத்து எக்ஸெல் தாளில் ஒட்டி மின்னஞ்சல் அனுப்புகிறார் என்றால், அந்தத் தாள் இருக்கும் இடத்தில் ஒரு மென்பொருள் இல்லாமல் இருக்கிறது என்று பொருள். ஒரே வகையான டிக்கெட் (பயன்படுத்துபவர் பதிவுசெய்யும் புகார்) மாதந்தோறும் வந்து, மாதந்தோறும் அதே ஆறு கட்டளைகளால் மூடப்படுகிறது என்றால், மூல காரணத்தை யாரும் தேடவில்லை என்று பொருள். பராமரிப்புப் பணியைத் தாழ்வாக எண்ணும் வழக்கம் நம் அலுவலகங்களில் இருக்கிறது. ஆனால் மென்பொருள் எங்கே உடைகிறது என்ற அறிவு, அதை வடிவமைத்தவர்களைவிடப் பராமரிப்பவர்களிடமே அதிகமாகச் சேர்கிறது.

நம் மொழியும் வழக்கமும் தரும் தொந்தரவுகளையும் இந்தக் குறிப்பேட்டில் சேர்க்கலாம். தந்தையின் பெயரை முதலெழுத்தாக மட்டும் வைத்துக்கொள்ளும் தமிழருக்குக் குடும்பப்பெயர் கட்டாயம் என்று கேட்கும் படிவங்கள், அவரை ஒரு பயணச்சீட்டில் ஒருவராகவும் இன்னொரு சான்றில் வேறொருவராகவும் ஆக்கிவிடுகின்றன. எழுத்துகளைக் கணினியில் எண்களாகக் குறிக்கும் யூனிகோடில் "கொடி" என்ற சொல் நான்கு குறியெண்களாகச் சேமிக்கப்படுகிறது, ஆனால் படிப்பவருக்கு அது இரண்டே எழுத்து. எழுத்துகளை எண்ணும் நிரல், வெட்டும் நிரல், தலைகீழாக்கும் நிரல் எல்லாம் இதில் தடுக்கி விழுகின்றன. வெளிநாட்டில் இருந்துகொண்டு இவற்றை ஒருவர் கவனிப்பது அரிது. தினமும் இவற்றோடு புழங்குபவருக்கு இது ஒரு அனுகூலம்.

பயன்படுத்துபவரின் பக்கத்தில் போய் நிற்றல்

சொந்தத் தொந்தரவுகள் தீர்ந்த பிறகு, அல்லது அவை சிறியவையாகத் தோன்றும்போது, மற்றவர்கள் வேலை செய்யும் இடத்துக்குப் போய்ப் பார்ப்பது அடுத்த வழி. டீக்கடையிலும் காய்கறிக்கடையிலும் நாம் பணம் செலுத்த ஸ்கேன் செய்யும் கியூ.ஆர். குறியீடு இப்படிப் பிறந்ததுதான். ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் பணியாற்றிய மசாஹிரோ ஹாரா, வாகன உதிரிப்பாகங்களைக் கையாளும் பணியாளர்கள் ஒரு பெட்டிக்குப் பல பார்கோடுகளை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து சோர்ந்துபோவதை அறிந்தார். ஒரு பார்கோடில் ஏறத்தாழ 20 எழுத்துகள்தான் அடங்கும் என்பதே காரணம். அதிகத் தகவலை அடக்க இரு பரிமாணக் குறியீடு தேவை என்பது மற்றவர்களுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் பணியாளருக்கு வேண்டியிருந்தது வேகம் என்பதையும் ஹாராவின் குழு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. எந்தக் கோணத்தில் காட்டினாலும் குறியீடு எங்கே இருக்கிறது என்று கருவி உடனே கண்டுபிடிக்க, மூலைகளில் மூன்று சதுரங்களை வைக்க முடிவு செய்தார்கள். அந்தச் சதுரத்தைப் போன்ற வடிவம் அச்சில் வேறெங்காவது வந்தால் கருவி ஏமாந்துவிடும் என்பதால், துண்டறிக்கைகள், இதழ்கள், அட்டைப் பெட்டிகள் என்று கைக்குக் கிடைத்த அச்சுப் பொருள்களில் கறுப்பு வெள்ளைப் பகுதிகளின் விகிதங்களை ஆராய்ந்து, மிக அரிதாக வரும் 1:1:3:1:1 என்ற விகிதத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1994-இல் குறியீடு வெளியானது. காப்புரிமை வைத்திருந்தும், தரப்படுத்தப்பட்ட குறியீட்டைப் பயன்படுத்துவோரிடம் அந்த உரிமையைக் கோருவதில்லை என்று நிறுவனம் அறிவித்ததால் அது உலகெங்கும் பரவியது.

இந்தக் கதையில் அச்சுப் பொருள்களை ஆராய்ந்த அலுப்பான பகுதியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. கண்டுபிடிப்பு பற்றிய பேச்சுகளில் மின்னல் வெட்டியதுபோல் வந்த யோசனைக்கு இடம் கிடைக்கிறது, தாள்களைப் புரட்டி அளந்த உழைப்புக்குக் கிடைப்பதில்லை. உங்கள் தயாரிப்பைப் பயன்படுத்துபவர்களுடன், முடிந்தால் அவர்களுடைய மேசைக்கே போய், ஒரு முழு வேலைநாள் உட்கார்ந்து பாருங்கள். என்ன வேண்டும் என்று கேட்பதைவிட, கை எங்கே தயங்குகிறது, எதைத் தாளில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறார்கள், எந்தப் பொத்தானைத் தொடவே அஞ்சுகிறார்கள் என்று கவனிப்பது பயன் தரும்.

நீங்கள் நினைத்ததற்கு மாறாக அவர்கள் பயன்படுத்தினால் அதைத் தவறு என்று திருத்தப் போகாதீர்கள். கென்யாவின் எம்-பெசா என்ற கைபேசிவழிப் பணச்சேவை, சிறுகடன்களைத் தவணையில் திருப்பிச் செலுத்தும் வழியாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது. சோதனையில் பங்கேற்றவர்களோ அதை ஒருவருக்கொருவர் பணம் அனுப்பப் பயன்படுத்தினார்கள். 2007-இல் சேவை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது வீட்டுக்குப் பணம் அனுப்புவதே அதன் முகமாக இருந்தது.

சிறிதாகச் செய்து காட்டல்

நல்ல சிக்கல் கிடைத்துவிட்டது என்றால், அடுத்துப் பலர் சிக்கிக்கொள்வது அனுமதியில். முழுத் திட்டத்தையும் படக்காட்சியாகத் தயாரித்துக்கொண்டு மேலிடத்தின் ஒப்புதலுக்குக் காத்திருப்பதைவிட, ஒருவருக்காவது பயன்படும் சிறு வடிவத்தைச் செய்து காட்டுவது பெரும்பாலும் வேகமான வழி. சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வு மையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சில் எழுதிய, பின்னாளில் வையவிரிவு வலையாக (வேர்ல்ட் வைட் வெப்) வளர்ந்த முன்மொழிவு, அங்கு வருபவர்கள் பொதுவாக இரண்டு ஆண்டுகளே தங்குவதால் தகவல்கள் தொடர்ந்து தொலைந்துபோகின்றன என்ற நடைமுறைச் சிக்கலைப் பற்றியது. அவருடைய மேலாளர் மைக் செண்டால், தெளிவில்லை என்றாலும் ஆர்வமூட்டுகிறது என்ற பொருளில் அதன்மேல் ஒரு குறிப்பு எழுதினார். அது முறையான திட்டமாக ஏற்கப்படவில்லை. ஆயினும் 1990-இல் ஒரு நெக்ஸ்ட் கணினி வாங்கிக்கொள்ளவும் அதில் முயன்று பார்க்கவும் செண்டால் இடம் கொடுத்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் முதல் உலாவியும் முதல் சர்வரும் இயங்கின. செர்னில் பலரை வையவிரிவு வலையின் பக்கம் இழுத்தது, உலகின் அறிவையெல்லாம் இணைக்கும் கனவைவிட, ஆய்வகத்தின் தொலைபேசி எண் பட்டியலை அதில் எளிதாகத் தேட முடிந்ததுதான். பிறகு 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அந்த மென்பொருளைப் பொதுவுடைமையாக்கியது.

உங்கள் யோசனைக்கும் இத்தகைய ஒரு தொலைபேசிப் பட்டியலைத் தேடுங்கள்: மிகச் சாதாரணமான, நாளைக் காலையே யாரோ ஒருவருக்குத் தேவைப்படுகிற ஒரு பயன். எதிர்காலத்தில் என்னவெல்லாம் செய்யலாம் என்று விளக்கும்போது கேட்பவர் தலையசைப்பார்; தம் வேலை பத்து நிமிடம் குறைந்தால் அவரே உங்களுக்காக மற்றவர்களிடம் பேசுவார். செண்டால் போன்ற மேலாளரைத் தேடிக்கொள்வதும் இதன் ஒரு பகுதியே. வேலை மாறும்போது சம்பளத்தையும் ஆன்சைட் வாய்ப்பையும் விசாரிப்பவர்கள், சேரப்போகும் குழுவில் அரைகுறை யோசனைக்கு இடம் கொடுக்கும் பழக்கம் உண்டா என்பதையும் விசாரித்தால் நன்மை.

எல்லா இடத்திலும் இது பலிக்காது என்பதையும் சொல்ல வேண்டும். கோடாக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975-இல் உருவாக்கிய டிஜிட்டல் கேமரா ஏறத்தாழ 3.6 கிலோ எடை கொண்டது, 0.01 மெகாபிக்சல் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் கேசட்டில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. அதை அவர் நிறுவனத்துக்குள்ளேயே பல கூட்டங்களில் இயக்கிக் காட்டினார். ஆனால் ஃபிலிம் விற்று வாழ்ந்த நிறுவனத்துக்கு ஃபிலிம் இல்லாத கேமராவில் அவசரம் இல்லை. 2012 ஜனவரியில் கோடாக் திவால் பாதுகாப்பு கோரியது. உங்கள் யோசனை நிறுவனத்தின் வருமானத்தைக் கூட்டுகிறதா, வெட்டுகிறதா என்று முதலிலேயே கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கணக்கில் ஆள்களுக்குக் கட்டணம் வாங்கும் நிறுவனத்தில் ஐந்து பேரின் வேலையைத் தானியக்கமாக்கும் கருவியைக் காட்டினால், பாராட்டு கிடைத்தாலும் கருவி அலமாரியில்தான் தூங்கும். அங்கே அதே கருவியை, புதிய ஒப்பந்தத்தைக் குறைந்த விலையில் வெல்லும் வழியாக எடுத்துவைக்க வேண்டியிருக்கும்.

நேரமும் படிப்பும்

டைம்ஷீட்டில் எட்டு மணி நேரமும் கணக்குக் காட்ட வேண்டிய வேலையில் யோசிக்க நேரம் எங்கே என்பது நியாயமான கேள்வி. ஹாமிங் வெள்ளிக்கிழமை மதிய உணவுக்குப் பிறகான நேரத்தை, தம் துறை எங்கே போகிறது என்பது போன்ற பெரிய கேள்விகளுக்கு மட்டும் ஒதுக்கிவைத்திருந்தார். நமக்கு அரை நாள் கிடைக்காவிட்டாலும், வாரத்தில் ஒரு மணி நேரத்தைக் கூட்டம் எதுவும் புகாதபடி காலண்டரில் அடைத்துவைக்க முடியும். அந்த நேரத்தில் புதிதாக எதையும் படிக்காமல் குறிப்பேட்டை மட்டும் திறந்து உட்காருவது நல்லது.

படிப்பைப் பொறுத்தவரை, எது நிலைக்கும் எது போகும் என்று பிரித்தறிவதே பாதி வேலை. எட்கர் காட் 1970-இல் முன்வைத்த உறவுமுறைத் தரவுதள மாதிரியும் (தரவுகளை அட்டவணைகளாக வைக்கும் முறை) அதன்மேல் எழுந்த, தரவுகளைக் கேட்டுப்பெற உதவும் எஸ்.க்யூ.எல். மொழியும் அரை நூற்றாண்டு கடந்தும் சோறு போடுகின்றன. இணையத்தில் அசைவூட்டத்துக்காக ஒரு காலத்தில் எங்கும் நிறைந்திருந்த ஃப்ளாஷ் மென்பொருளுக்கு 2020 டிசம்பர் 31-உடன் அடோபி ஆதரவை நிறுத்தியது. ஃப்ளாஷின் பொத்தான்களை மட்டும் அறிந்தவர்கள் திகைத்தார்கள், அசைவூட்டத்தின் அடிப்படைகளை அறிந்தவர்கள் வேறு கருவிக்கு மாறிக்கொண்டார்கள். வலையமைப்பு, இயக்குதளம், தரவுதளம், புள்ளியியல் ஆகியவற்றில் ஒன்றையாவது அடிவரை படித்துவைத்து, கருவிகளைத் தேவை வரும்போது கற்றுக்கொள்வது போதுமானது. நிரல் எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்த பிறகு முதல் மாதிரியைச் செய்து பார்ப்பதன் செலவு மிகவும் குறைந்திருக்கிறது. எனவே தயங்காமல் மூன்று வடிவங்களைச் செய்து பார்த்து இரண்டைத் தூக்கிப் போடலாம். ஆனால் அவை தரும் விடை சரியா என்று சொல்லும் அறிவு உங்களிடம் இருக்க வேண்டும். நிறுவனத்தின் நிரலை வெளிச் சேவைகளில் ஒட்டுவதற்கு முன் அனுமதி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உரிமை யாருக்கு

பலர் தாமதமாக யோசிக்கும் விஷயம் இது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, பணியின் பகுதியாக எழுதிய நிரலின் முதல் உரிமையாளர் வேலை கொடுத்தவரே. பணி ஒப்பந்தங்கள் சில, ஓய்வு நேரத்தில் செய்தவற்றையும் வளைத்துப் பிடிக்கும் வகையில் எழுதப்பட்டிருக்கும்; கையெழுத்திடும் நாளில் அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்து, ஐயம் இருந்தால் எழுத்தில் விளக்கம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சொந்த முயற்சிக்கு அலுவலக மடிக்கணினியைத் தொடவே வேண்டாம். காப்புரிமை நோக்கம் இருந்தால், 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் பிரிவு 3(கே) வெறும் கணினி நிரலையும் வழிமுறையையும் ஏற்பதில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். கண்டுபிடிப்பை மாநாட்டிலோ இணையத்திலோ வெளியிடுவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும், ஏனெனில் முன்கூட்டிய வெளியீடு பெரும்பாலும் புதுமைத் தகுதியை அழித்துவிடும். தற்காலிக விவரக்குறிப்போடு விண்ணப்பித்தால், முழு விவரக்குறிப்பைத் தர 12 மாத அவகாசம் உண்டு.

தொடர்ந்து செய்வது

முதல் வெற்றிக்குப் பிறகு வரும் ஆபத்து, அந்த வெற்றியே உங்களைக் கட்டிப்போடுவது. நீங்கள் செய்த கருவியைப் பத்துக் குழுக்கள் பயன்படுத்தத் தொடங்கினால், பத்துக் குழுக்களின் புகார்களும் உங்களிடமே வரும். லினக்ஸ் இயக்குதளத்தின் கருவை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் மென்பொருளை 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கி, சில நாள்களிலேயே கிட்டின் நிரலைக் கிட்டிலேயே பராமரிக்கும் நிலைக்குக் கொண்டுவந்தார். அதைவிடக் கற்கத் தகுந்தது, அதே ஆண்டு ஜூலையில் அதன் பராமரிப்பை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்தது. கருவி அதன்பின் வளர்ந்தது, அவரும் லினக்ஸ் கருவுக்குத் திரும்பினார். எனவே இரண்டாவது ஆளைத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொண்டு, விளக்க ஆவணத்தை எழுதிவைத்து, ஒப்படைக்கும் நாளை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

ஏறத்தாழ ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருவர் தம் துறையைக் கணிசமாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஹாமிங் அறிவுறுத்தினார். குடும்பப் பொறுப்பும் வீட்டுக்கடனும் உள்ளவர் முழுவதும் மாறுவது கடினம், ஆனால் பக்கத்துத் துறைக்கு நகரலாம்: தரவுதளத்திலிருந்து தேடுபொறிக்கு, செயலி உருவாக்கத்திலிருந்து சாதனங்களின் உள்நிரலுக்கு. புதிய இடத்தில் கேட்கும் தொடக்கநிலைக் கேள்விகளுக்கு, பழைய துறையின் அறிவு எதிர்பாராத விடைகளைத் தரும். வயது இதற்குத் தடை என்பவர்கள் கிரேஸ் ஹாப்பரைப் பார்க்கலாம். தொடக்ககாலக் கம்பைலர்களில் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்கள்) ஒன்றான ஏ-0 திட்டத்தை 1952-இல் இயக்கிக் காட்டியபோது அவருக்கு நாற்பத்தைந்து வயது. அமெரிக்கக் கடற்படையிலிருந்து அவர் இறுதியாக ஓய்வு பெற்றது 1986-இல், 79-ஆம் வயதில்.

நம் நிறுவனங்களில் வயதைவிடப் பெரிய தடை பதவி உயர்வுதான். பத்து ஆண்டு அனுபவம் வந்தவுடன் நல்ல பொறியாளரை மேலாளராக்கி, கூட்டங்களிலும் நிலவர அறிக்கைகளிலும் மூழ்கடித்துவிடுகிறார்கள். தொழில்நுட்ப ஏணி தனியாக உள்ள நிறுவனமாக இருந்தால் அதில் ஏறக் கேளுங்கள். இல்லையென்றால், மேலாளரான பிறகும் டிக்கெட் முறைவரிசையில் உங்கள் பெயரையும் ஒரு இடத்தில் போட்டுக்கொண்டு, மாதத்தில் சில டிக்கெட்டுகளையாவது நீங்களே தொடக்கம் முதல் முடிவு வரை பாருங்கள். குறிப்பேட்டில் எழுத வேண்டியவை அங்கிருந்துதான் வரும், அவசர டிக்கெட்டுகளை மட்டும் உங்கள் குழுவினருக்கு விட்டுவிடுங்கள்.